லோட் ஷீட்டில் ஏறிய தோல்வார்

விமான நிலையக் கவுண்டருக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு விதிப்புத்தகத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அது உங்கள் மேசையில் இருக்கிறது. என் காலத்தில் இருந்ததைவிடத் தடிப்பாகவும் இருக்கிறது. விதிகள் அத்தனையையும் ஒழுங்காகக் கைக்கொண்டபடியே ஒரு பயணிக்குப் பெரிய தீங்கைச் செய்துவிடலாம் என்பதை மட்டும் சொல்லிவைக்க விரும்புகிறேன். நான் செய்தேன். யாழ்ப்பாணத்துப் பலாலியில், அறுபதுகளின் நடுப்பகுதியில், ஒரு வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குச் சற்று முந்தி.

அந்த நாட்களில் காலையில் கொழும்பு இரத்மலானையிலிருந்து ஒரு டக்கோட்டா விமானம் வரும். அரை மணித்தியாலம் நின்று திரும்பிப் போகும். அடுத்தது பின்னேரம் நாலு மணிக்குத்தான். இருபத்தெட்டு இருக்கைகள். விமானம் சிறியது என்றபடியால் பொதிகளை மட்டுமல்ல, பயணிகளையும் தராசில் ஏற்றி நிறுப்போம். பெண்களின் நிறையைச் சத்தமாக வாசிக்கக்கூடாது என்பது எழுதப்படாத விதி. எவ்வளவு பாரம், அது எந்த இடத்தில் என்பதெல்லாம் லோட் ஷீட் என்ற தாளில் ஏறும். அந்தத் தாளை நிரப்பிக் கையெழுத்து வைப்பது என் வேலை. எனக்கு அப்போது இருபத்தேழு வயது. அதற்கு முந்தி யாழ்ப்பாணத்துப் பத்திரிகையொன்றில் இரண்டு வருடம் வேலை செய்திருந்தேன். கொழும்புக்குத் தொலைபேசியில் செய்தி வாசிப்பதும், அங்கிருந்து வாசிப்பதைக் கேட்டு எழுதுவதும்தான் அங்கே என் பொறுப்பு.

அந்த வியாழக்கிழமைப் பயணியின் பெயர் நடராசா. வடமராட்சிக் கரையோரத்துக் கடலோடிக் குடும்பம். வெள்ளைக்காரக் கப்பலொன்றின் இயந்திர அறையில் வேலை செய்தவர். இங்கிலாந்துத் துறைமுகமொன்றில் நீராவிக் குழாய் வெடித்து இரண்டு கண்ணும் போய்விட்டன. அங்கேயே ஏழு வருடம் தங்கினார். கண் தெரியாதவர்களுக்கென்று நடத்தும் பள்ளியில் பிசியோதெரபி படித்தார். முடங்கிய கைகால்களுக்குப் பயிற்சி கொடுத்து நடக்கவைக்கும் வேலை. சான்றிதழோடு ஒரு வழிகாட்டி நாயும் கிடைத்தது. ஜூடி என்ற கறுப்பு லாப்ரடோர்ப் பெட்டை. நாயோடு கப்பலேறி ஊர் வந்து சேர்ந்தபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது.

கொழும்பில் ஒரு ஆஸ்பத்திரி அவரை ஏற்கெனவே ஒருமுறை நேர்முகத்துக்கு அழைத்திருந்தது. ரயிலில் நாய்க்குச் சரக்குப் பெட்டிதான் என்றதால் ஜூடியை வீட்டில் விட்டுவிட்டு, மைத்துனரின் கையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். நேர்முகச் சபையின் தலைவர் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. மைத்துனரைப் பார்த்து, "நீங்கள் ஒவ்வொரு நாளும் இவரோடு வருவீர்களா?" என்று மட்டும் கேட்டாராம். துணையாள் இல்லாமல் நடமாட முடியாதவர் என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் விடாமல் கடிதம் போட்டுப் போட்டு இரண்டாவது அழைப்பை வாங்கினார். வியாழக்கிழமை பகல் ஒரு மணி. இந்த முறை அறைக்குள் தனியாக நடந்து போகவேண்டும். அதற்காகத்தான் விமானம்.

இதில் பாதியை அன்று காலை அவரே எனக்குச் சொன்னார். நான் பயணச்சீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

விதிப்புத்தகத்தில் வழிகாட்டி நாயைப் பற்றி இரண்டு வரி இருந்தது. கப்டன் சம்மதித்தால் பயணியோடு உள்ளே ஏற்றலாம், வாய் கட்டியிருக்க வேண்டும். எங்களில் யாரும் அப்படி ஒரு நாயைக் கண்டதில்லை. தராசில் ஏறு என்று அவர் சொன்னதும் அது ஏறி உட்கார்ந்தது. அறுபத்திரண்டு இறாத்தல், இப்போதைய கணக்கில் இருபத்தெட்டுக் கிலோ. வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பயணிகளில் பாதிப்பேர் அந்தத் தராசில் அவ்வளவு அமைதியாக நின்றதில்லை.

வாய்க்கட்டு அவரிடம் இல்லை. ஜூடிக்கு ஒருநாளும் தேவைப்பட்டதில்லை என்றார். எங்கள் பொதி ஏற்றும் செல்லையா அண்ணை வேலிக்கு அப்பால் இருந்த வீடொன்றுக்கு ஓடிப்போய், கன்றுக்குட்டி மண் தின்னாமல் வாயில் கட்டுகிற நார்க்கூட்டை வாங்கிக்கொண்டு வந்தார். அது அளவாகவே இருந்தது. வழியனுப்ப வந்திருந்த நடராசாவின் அக்கா பூமணி குனிந்து பார்த்தாள்.

"கப்பலிலை வந்த துரைச்சாணியைக் கண்டுக்குட்டி ஆக்கிப்போட்டியள்," என்றாள்.

நடராசா சிரித்தார். நாயை வீட்டுக்குள் விடுவது அக்காவுக்குப் பிடிக்காது என்றும், ஆனால் விடிய எழும்பி அதற்கு வார் பூட்டுவது அவள்தான் என்றும் சொன்னார்.

அந்த வாரைப் பற்றி இப்போது சொல்லவேண்டும். நாயின் நெஞ்சையும் வயிற்றையும் சுற்றி இரண்டு தோல்வார்கள். முதுகுக்கு மேலே, தோலால் மூடிய இரும்புக் கைபிடி, வாளிப் பிடியைப் போல வளைந்து நிற்கும். இங்கிலாந்தில் அதற்கு ஹார்னஸ் என்று பெயர். நாங்கள் வார் என்றே சொன்னோம். எங்கள் ஊரில் நாய்க்கு வார் போட்டிருந்தால் அது கடிக்கிற நாய் என்று அர்த்தம். நானும் அதை நாயை அடக்கிவைக்கிற சாமான் என்றுதான் நினைத்தேன். வாயைக் கட்டியாகிவிட்டது, இனி வார் எதற்கு என்று எனக்குப் பட்டது. அந்த வாயில்லாச் சீவன் கொஞ்சம் இளைப்பாறட்டும் என்ற இரக்கமும் இருந்தது. என் தவறின் முதற்பகுதி இந்த இரக்கம்.

கப்டன் வந்து பார்த்தார். கதவுக்குப் பக்கத்துக் கடைசி இருக்கையைக் கொடுக்கச் சொன்னார். ஒரே கதவுதான், அந்த இரும்புப் பிடி நடைபாதையில் நீட்டிக்கொண்டு நிற்கக்கூடாது, கழற்றிவிடுங்கள் என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. சொல்லிவிட்டு விமானத்துக்குப் போய்விட்டார். நான் நடராசாவிடம் வந்து, வார் சாமான் அறைக்குள் போகவேண்டும் என்றேன்.

"தம்பி, நான் அதை மடியிலை வைச்சிருக்கிறன். ஒருத்தருக்கும் இடைஞ்சல் இல்லை."

"கப்டன் விடமாட்டார் அண்ணை. இறங்கினவுடனை உங்கடை கையிலை தருவினம்."

"இது இல்லாட்டில் உவள் வெறும் நாய். நான் ஆரும் கைபிடிச்சுக் கூட்டிக்கொண்டு போற குருடன். விளங்குதோ?"

விளங்குது என்றேன். அவர் குனிந்து கொளுவிகளைத் தானே கழற்றி, வாரை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

கப்டன் அறுபது கஜத் தூரத்தில், விமானத்தடியில் நின்றார். மடியில் வைத்திருக்கலாமா என்று அவரிடம் போய்க் கேட்க ஒரு நிமிடம் போதும். நான் கேட்கவில்லை. அவர் சொல்லாத ஒன்றை அவருடைய பேரில் சொன்னேன். பயணி கேட்டதை அவரிடம் கொண்டுபோகவும் இல்லை. கவுண்டரில் நிற்பவர்களுக்கு இது மிகவும் இலகுவாக வரும் பழக்கம். மேலே இருப்பவர் என்ன சொல்லுவார் என்று எங்களுக்கே தெரியும் என்று நினைத்துக்கொள்வோம்.

சாமான் அறைக்குப் போகிற எதுவும் நிறுக்கப்படவேண்டும். சில்லறைச் சாமான்களை நிறுக்கச் சுவரோடு ஒரு கொழுக்கித் தராசு தொங்கியது. வாரை அதில் கொளுவினேன். நாலு இறாத்தல். லோட் ஷீட்டில் எழுதினேன். அந்த நேரம் பார்த்துக் கொடிகாமத்து வியாபாரி ஒருவர் இரண்டு கூடை மாம்பழத்தோடு வந்து சேர்ந்தார். கொழும்பில் மகள் பிள்ளைப்பேற்றுக்கு இருக்கிறாள், கூடை இரண்டும் போகவேண்டும் என்றார். ஒன்றுக்குத்தான் இடம் என்றேன்.

"நாய்க்கு இடமிருக்கு, மாம்பழத்துக்கு இடமில்லையோ? மாம்பழம் கடிக்காது தம்பி, அதை நாங்கள்தான் கடிக்கிறது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு கூடையை நிறுத்து எழுதினேன். மற்றதைத் திருப்பிவிட்டேன். பிறகு தாளின் மேலிருந்து கீழாகப் பேனையை ஓட்டி, ஒவ்வொரு வரிக்கும் சரி அடையாளம் போட்டுக் கையெழுத்து வைத்தேன். வரிகளில் ஒன்று, 'தோல்வார், நாலு இறாத்தல், சாமான் அறை.' விமானம் எட்டு மணி ஐந்து நிமிடத்துக்குக் கிளம்பியது.

எட்டேகாலுக்குத் தராசு அறைக்குள் போனேன். வார் கொழுக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. முள் நாலில் நின்றது.

நான் முதலில் செய்த வேலை கதவைச் சாத்தியது. அதை மறைக்காமல் சொல்கிறேன், உங்களுக்கும் ஒருநாள் அப்படிச் சாத்தத் தோன்றும் என்பதால். பின்னேர விமானத்தில் அனுப்பிவிடலாம், யார் கவனிக்கப்போகிறார்கள் என்ற எண்ணம் வந்தது. அடுத்ததாக, செல்லையா அண்ணை ஏற்ற மறந்துவிட்டார் என்ற வசனம் முழுதாக, முற்றுப்புள்ளியோடு வாயில் வந்து நின்றது. அவர் அப்போது வெளியே நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியூடாக அவரைப் பார்த்தேன். கதவைத் திறந்துகொண்டு நிலையப் பொறுப்பதிகாரியின் மேசைக்குப் போனேன்.

அவர் அதிகம் கதைக்காத மனிதர். வாரை மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சரி போடேக்கை என்னத்தைப் பாத்தனீர்?"

"தாளை, சேர்."

தலையசைத்தார். அதற்குமேல் அதைப்பற்றி அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

அடுத்த பத்து நிமிடம் நாங்கள் நாலு பேர் அந்த மேசையைச் சுற்றி நின்றோம். காரில் அனுப்பினால் எட்டு மணித்தியாலம். ரயிலும் அப்படித்தான். விமானப்படை விமானம் ஏதும் அன்றைக்கு இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்து நேரத்தைத் தள்ளிப்போடச் சொல்லலாம் என்றார் ஒருவர். தனக்காக மற்றவர்கள் சலுகை கேட்பதைத்தான் நடராசா தவிர்க்கப் பார்த்தார். இரத்மலானையில் எங்கள் ஆள் ஒருவர் கையைப் பிடித்து அறை வரைக்கும் கூட்டிப்போகட்டும் என்றேன் நான். சொல்லி முடிய முந்தியே எனக்குப் புரிந்துவிட்டது. எது நடக்கக்கூடாதென்று அவர் இத்தனை பாடுபட்டாரோ, அதை நான் தீர்வாக முன்வைத்திருந்தேன்.

"முதலிலை அவருக்குச் சொல்லுங்கோ," என்றார் பொறுப்பதிகாரி.

ஆகாயத்தில் இருப்பவருக்குச் சொல்லி என்ன பயன், இறங்கும்வரையாவது நிம்மதியாக இருக்கட்டுமே என்றேன்.

"இப்ப தெரிஞ்சால் அவருக்கு நாலரை மணித்தியாலம் இருக்கு. இரத்மலானையிலை தெரிஞ்சால் மூண்டரை. அந்த ஒரு மணித்தியாலம் அவரின்ரை. உம்மடை இல்லை."

கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு ஓடினேன். அங்கிருந்த வானொலியில் கப்டனுக்குச் செய்தி போனது. பத்திரிகையில் பழகியபடி ஒரு சொல் கூடாமல் எழுதிக்கொடுத்தேன். 'நாயின் வார் பலாலியில் தவறிவிட்டது. தவறு என்னுடையது. பயணிக்கு உடனே அறிவிக்கவும்.' நாலு நிமிடம் பதில் இல்லை. கோபுரத்துக் கண்ணாடிக்கு வெளியே புகையிலைத் தோட்டத்தில் ஒருவர் துலாவில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். வாளி ஆறு தரம் ஏறி இறங்கியது. பிறகு கப்டனின் குரல் வந்தது. பயணி கேட்கிறார், அக்கா இன்னும் அங்கே நிற்கிறாவா? பஸ் எட்டு ஐம்பதுக்குத்தான். அளவெல்லாம் அவவுக்குத் தெரியும். இரத்மலானையில் புதுவார் ஒன்று செய்விக்கலாம். பிடி மடங்காமல் விறைப்பாக நிற்கவேண்டும். நாய் அதை ஏற்குமோ என்பதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லச் சொல்கிறார்.

பார்வையுள்ள நாலு பேர் பத்து நிமிடம் யோசித்தோம். புதிதாக ஒன்று செய்யலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு அது தொலைந்துபோன சாமான். சாமான் தொலைந்தால் அதைத் தேடி அனுப்புவதுதான் எங்கள் தொழில். அவருக்கு அது ஒரு கருவி. கருவி இல்லையென்றால் இன்னொன்று செய்யலாம் என்று இயந்திர அறையில் வேலை செய்தவருக்குத்தான் தோன்றியது. இதை நீங்கள் நினைவில் வைத்திருங்கள். ஒருவருக்கு இழப்பை ஏற்படுத்திவிட்டால், தீர்வு யோசிப்பதற்கு முந்தி அவரிடம் போங்கள். அந்த விஷயத்தில் உங்களைவிட அவருக்குத் தெரியும்.

செல்லையா அண்ணை சைக்கிளில் போய் பஸ்ஸை மறித்துப் பூமணி அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"நீங்கள் உந்த வாரைக் கொழுக்கியிலை கொளுவினதை நான் கண்டனான் தம்பி. எடுப்பியள் எண்டு இருந்தன்."

"ஒரு சொல் சொல்லியிருக்கலாமே அக்கா."

"உத்தியோகத்தருக்கு நான் சொல்லுறதோ? உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ நினைச்சன்."

காலையில் அவள் நின்ற இடத்துக்கும் என் மேசைக்கும் நடுவில் ஒரு மரத்தடுப்பு இருந்தது. இடுப்பளவு உயரம்தான்.

இரத்மலானைக்கு அவசரத் தொலைபேசி அழைப்பொன்று பதிவுசெய்தோம், ஓர் அழைப்புக்கு மூன்று நிமிடம்தான். அங்கே என் நிலையில் இருந்தவர் ஒரு சிங்கள நண்பர். நாங்கள் ஆங்கிலத்தில் கதைத்துக்கொள்வோம். விமானங்களைப் பழுதுபார்க்கும் கொட்டகையில் இருக்கைகளுக்கு உறை தைக்கும் வயதான தொழிலாளி ஒருவர் இருந்தார். இருக்கைப் பட்டி நாடாவும், கொளுவிகளும், தையல் இயந்திரமும் அவரிடம் உண்டு. இணைப்புக் கிடைத்ததும் அடிமட்டத்தை வைத்து வாரின் நீளங்களை அளந்து வாசிக்கத் தொடங்கினேன். நெஞ்சு வார் இருபத்தெட்டு அங்குலம். வயிற்று வார் முப்பத்தொன்று. கைபிடி பதினாறு. என் நண்பர் எல்லாவற்றையும் திருப்பி வாசித்தார். கைபிடியையும் நாடாவிலேயே தைத்துவிடலாம், பலமாக இருக்கும் என்றார். பிடியைப் பற்றி நடராசா சொல்லியனுப்பியதை மறந்து, சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

பூமணி அக்கா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். நாடா என்ற ஒரு சொல்லும், நான் காட்டிய கைச்சாடையும் அவளுக்குப் போதுமாக இருந்தன.

"பொறுங்கோ. அந்த அடிமட்டத்தைக் கீழை வையுங்கோ."

மூலையில் கிடந்த நிறைந்த தபால் பையொன்றை இழுத்து மேசையில் கிடத்தினாள். அதற்கு வாரை மாட்டி, ஒவ்வொரு கொளுவியையும் தேய்ந்த துளையில் பூட்டினாள். கைபிடி பையின் முதுகிலிருந்து சாய்ந்து எழுந்து நின்றது.

"பிடியுங்கோ. கண்ணை மூடுங்கோ."

அலுவலகத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூடினேன். அவள் பையை இடப்பக்கம் ஒரு விரலளவு நகர்த்தினாள். என் மணிக்கட்டு நகர்ந்தது. பின்னால் இழுத்தாள். என் கை நின்றது. பையின் முன்பக்கத்தை ஒரு நூலளவு உயர்த்தினாள். படி வருகிறது என்று கைக்குத் தெரிந்தது. யாரும் அதை எனக்குச் சொல்லித்தரவில்லை.

"கயிறெண்டால் உது ஒண்டும் வராது," என்றாள். "கயிறு நாங்கள் நாயைப் பிடிக்கிறதுக்கு. இது அவள் அவனைப் பிடிக்கிறதுக்கு."

மூன்று நிமிடம் முடிந்து இணைப்பு அறுந்துவிட்டது. மறுபடி எடுக்க ஒன்பது நிமிடம் போனது. இந்தமுறை நான் அளவுகளோடு தொடங்கவில்லை. இது பட்டி அல்ல, ஒரு தடி, நாய் செய்கிற ஒவ்வொன்றும் மனிதனின் கைக்கு வரவேண்டும், அதற்காகத்தான் மிச்சம் எல்லாம் என்றேன். என் நண்பர், அப்படியென்றால் பழைய இருக்கையின் சட்டக் குழாய் இருக்கிறது, அதை வளைக்கச் சொல்கிறேன் என்றார். பிடி எந்தச் சாய்வில் நிற்கவேண்டும், நாயின் தோளிலிருந்து அவருடைய கை எவ்வளவு உயரம் என்பதை அக்கா சாணிலும் விரலிலும் சொன்னாள். அவளுடைய சாணை முதலில் அடிமட்டத்தில் அளந்துகொண்டேன். எட்டேகால் அங்குலம். பிறகு ஒவ்வொன்றையும் பெருக்கி ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு சொல்லைக்கூட நான் அவ்வளவு கவனமாக அதற்கு முந்தி வாசித்ததில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கால் மணித்தியாலம் இருக்கும்போது இரத்மலானையிலிருந்து செய்தி வந்தது. செய்து முடிந்தது, அவரையும் நாயையும் எங்கள் வான் வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறோம். நாய் நடந்ததா என்று கேட்டேன். அந்த நேரம் பார்த்து இணைப்பு மறுபடி அறுந்தது.

பூமணி அக்கா அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள். அன்று பின்னேர விமானத்தில் பழைய வாரை அனுப்பலாமா என்று கேட்டேன். நேர்முகம் முடிந்துவிட்டது, இனி அனுப்பி என்ன, அவர் சனிக்கிழமை திரும்புகிறார், நீரே நின்று கொடும் என்றார் பொறுப்பதிகாரி. நடந்ததை அறிக்கையாக எழுதிக் கொடுத்தேன். தலைமையகத்திலிருந்து பிறகு எச்சரிக்கைக் கடிதமொன்று வந்தது. அது சரியான கடிதம்தான். ஆனால் சனிக்கிழமை வரைக்கும் என் மனதில் இருந்தது நாய் நடந்ததா என்ற கேள்விதான்.

சனிக்கிழமை படிகளின் அடியில் வாரோடு நின்றேன். பயணிகள் எல்லோரும் இறங்கிய பிறகு நடராசா வந்தார். அன்றும் அதே கப்டன்தான். விமானியறைக்குப் பின்னாலிருந்து ஒரு விசித்திரமான சாமானை எடுத்துக்கொண்டு வந்தார். சாம்பல் நிற இருக்கை நாடா, பளபளக்கும் அலுமினியக் குழாய். அதை நடராசாவின் கையில் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பி, நடைபாதையில் வேண்டாம் என்றுதானே சொன்னேன், என் கதிரைக்குப் பின்னால் ஒரு கொழுக்கி இருக்கிறது, கேட்டிருக்கலாமே என்றார். ஓம், கேட்டிருக்கலாம் என்றேன்.

தடுப்புக்கு அப்பால் பூமணி அக்கா நின்றாள். "எல்லாம் இறங்கிட்டுதோ தம்பி? தாளைப் பாத்துச் சொல்லாதையுங்கோ," என்றாள். செல்லையா அண்ணை முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

நான் தயார்செய்து வைத்திருந்த மன்னிப்பை நடராசாவிடம் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"நான் சொல்லேக்கை விளங்குது எண்டியள்," என்றார். "விளங்கேல்லை எண்டு சொல்லியிருந்தால் இன்னொருக்கால் சொல்லியிருப்பன்."

நாங்கள் பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தோம். இடப்பக்கம் நாற்பது கஜத்தில் ஒரு சின்ன மதகு என்று சொன்னேன். அவர் தலையசைத்தார். ஆறு மாதம் வைத்துப் பார்ப்பார்களாம், அடுத்த மாதம் முதலாம் திகதி வேலை தொடக்கம் என்று அக்காவுக்குச் சொன்னார். அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அன்றைக்கு என்ன நடந்தது என்று நான் கேட்டேன்.

புதுவாரில் பசை மணந்திருக்கிறது. ஜூடி இரண்டடி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லியிருக்கிறார்கள். அவர் எல்லோரையும் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, தன் சட்டையைக் கழற்றி நாடா முழுவதையும் தேய்த்து, நிலத்தில் அவளுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்தாராம். மூன்றாம் தரம் எழுந்து நடந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் என் இரத்மலானை நண்பர் இவருடைய முழங்கையைப் பிடிக்க வந்திருக்கிறார். அவரை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, எத்தனையாவது கதவு என்று மட்டும் கேட்டுக்கொண்டு நடராசா உள்ளே போயிருக்கிறார். படிக்கட்டில் ஜூடி நின்றாள். அவரும் நின்றார். ஏறினார்கள்.

"உள்ளை போய் நிண்டன். முந்தி இருந்த அதே தலைவர்தான், குரல் தெரியும். ஆனால் குரல் எனக்கு வரேல்லை, என்ரை தோளுக்கு மேலாலை கதவுப் பக்கம் போச்சு. கூட்டிக்கொண்டு வந்தவர் எங்கை எண்டு கேட்டார்."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"ஒருத்தருமில்லை, நான்தான் வந்தனான் எண்டன்."

பஸ் வந்து நின்றது. நடத்துனர் நாயைப் பார்த்து வாய் திறக்க முந்திப் பூமணி அக்கா படியில் ஏறி அவரை மறித்துக்கொண்டு நின்றாள். நடராசா பழைய வாரின் பிடியைக் கையில் சரிசெய்துகொண்டார்.

"அங்காலை கதிரை ஒண்டு அசைஞ்சுது. அதுக்குப் பிறகுதான் தம்பி, குரல் என்ரை முகத்துக்கு நேரை வந்தது. முழங்கால் முறிஞ்சு ஆறு கிழமையாய்க் கட்டுப் போட்டவனுக்கு முதலிலை என்ன செய்வீர் எண்டு என்னட்டைக் கேட்டார்."